ஒரு மாடு, நான்கு குழு, ஒரே செய்தி

கரங்கானில் எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று காணாமற்போனது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காதில் மஞ்சள் வில்லை. மாட்டுக்காரரின் மகன் படத்தோடு ஒரு செய்தி எழுதினார். காலை 7.10க்குத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் புலனக் குழுவில் அது வந்தது. அடுத்த நிமிடம் கோயில் குழுவில். பிறகு தாமான் குழுவில். கடைசியாக, தோட்டத்தில் ஒன்றாக வாழ்ந்த பழைய குடும்பங்களின் குழுவில். நான் நான்கிலும் இருக்கிறேன்.

முதல் தடவை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மனம் சங்கடப்பட்டது. இரண்டாம் தடவை, மாடு கிடைத்துவிட்டதோ என்று ஆவலோடு திறந்தேன். மூன்றாம் தடவை திறக்கவில்லை. நான்காம் தடவை கைப்பேசி மணியடித்தபோது, "இவனுக்கு வேற வேலை இல்லையா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான்கே நிமிடத்தில் இரக்கம் எரிச்சலாக மாறிவிட்டது. மாட்டைத் தேடுபவர் என்ன தவறு செய்தார்? எதுவுமில்லை. பிறகு எரிச்சல் எங்கிருந்து வந்தது?

மாணவர்களே, இதற்கு விடை தேட உங்களுக்குத் தெரிந்த கணிதமும் கொஞ்சம் உயிரியலும் போதும். அதற்கு முன் தாத்தா பாட்டி காலத்துக்கு ஒரு நடை போய்வருவோம்.

அந்தக் காலத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவார்கள். பெயர் கூப்பிடுவார்கள், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஊருக்குச் சொல்லவேண்டிய சேதி இருந்தால் அதுவும் அங்கேயே காதில் விழுந்துவிடும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தடவை. மாடு காணவில்லை என்றால் அதை இரண்டாவது தடவை சொல்லவேண்டிய தேவையே இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. கரங்கான், மாஹாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் கூலிமுக்கும் பாடாங் செராயிக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் சிதறின. மக்கள் சிதறினாலும் உறவு சிதறவில்லை. பள்ளி ஒரு குழு, கோயில் ஒரு குழு, தாமான் ஒரு குழு என்று அது கைப்பேசிக்குள் குடியேறியது. ஒரே களம் பல களங்களாகப் பிரிந்தது. ஆனால் ஒவ்வொரு களத்திலும் நிற்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

படிவம் நான்கு கணிதத்தில் கணங்கள் படித்திருப்பீர்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்குமே, வென் படம், அதுதான் நமக்கு வேண்டும். நான்கு குழுவை எடுத்தால் படம் குழம்பும் என்பதால் மூன்றை மட்டும் எடுப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை.

பள்ளிக் குழுவில் 120 பேர், கோயில் குழுவில் 90 பேர், தாமான் குழுவில் 60 பேர். பள்ளி, கோயில் இரண்டிலும் இருப்பவர்கள் 50. பள்ளி, தாமான் இரண்டிலும் 30. கோயில், தாமான் இரண்டிலும் 25. மூன்றிலும் இருப்பவர்கள் 20.

மூன்று குழுவிலும் செய்தியைப் போட்டால் மொத்தம் எத்தனை பிரதிகள் போய்ச் சேரும்? 120 + 90 + 60 = 270. எத்தனை மனிதர்களுக்கு? இங்கே இருமுறை எண்ணியதைக் கழித்து, மூன்றிலும் இருப்பவர்களைத் திரும்பச் சேர்க்கவேண்டும்: 270 − 50 − 30 − 25 + 20 = 185. ஆக 185 மனிதர்களுக்கு 270 பிரதிகள். 85 பிரதிகள் உபரி.

இந்த 85-ம் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. ஒரே ஒரு குழுவில் இருக்கும் 120 பேருக்கு ஒரு பிரதிதான், அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இரண்டு குழுவில் மட்டும் இருக்கும் 45 பேருக்கு இரண்டு. மூன்றிலும் இருக்கும் 20 பேருக்கு மூன்று. அந்த 20 பேர் யார்? கோயில் திருவிழாவுக்கு ஓடுபவர், பள்ளிக் கூட்டத்தில் நாற்காலி போடுபவர், தாமானில் தண்ணீர் நின்றால் புகார் எழுதுபவர். ஊரில் யாருக்காவது ஒன்று என்றால் முதலில் எழுந்து வரக்கூடியவர்கள். உதவக்கூடியவர்களைத்தான் நாம் அதிகமாகத் தொல்லை செய்கிறோம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் பள்ளிக் குழுவில் போட்டபோது புதிதாக அறிந்தவர்கள் 120 பேர். கோயில் குழுவில் போட்டபோது புதியவர்கள் 40, ஏற்கெனவே அறிந்தவர்கள் 50. தாமான் குழுவில் போட்டபோது புதியவர்கள் 25 பேர்தான், மீண்டும் பார்த்தவர்கள் 35. ஒவ்வொரு புதிய குழுவிலும் பயன் குறைகிறது, தொல்லையின் பங்கு கூடுகிறது. அனுப்புபவர் இதைப் பார்ப்பதில்லை. அவர் குழுக்களை எண்ணுகிறார், "மூன்று இடத்தில் சொல்லிவிட்டேன்" என்று நினைக்கிறார். வாங்குபவர் பிரதிகளை எண்ணுகிறார். இருவரும் எண்ணுவது வெவ்வேறு பொருள். கோலாலம்பூரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குழுக்களில் போட்டால் வட்டங்கள் கொஞ்சமாகவே தொடும். கரங்கான் போன்ற சின்ன ஊரில் வட்டங்கள் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடுகின்றன.

மூளை என்ன செய்கிறது?

ரப்பர் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரிடம், "எப்படி இந்த நாற்றத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எந்த நாற்றம்?" என்பார். மாறாமல் திரும்பத் திரும்ப வருவதை நரம்பு மண்டலம் ஒதுக்கிவைத்துவிடும். உயிர் பிழைக்க இது தேவை. எல்லாவற்றையும் ஒரே அளவில் கவனித்தால் புதிதாக வரும் ஆபத்தைக் கவனிக்கச் சக்தி மிஞ்சாது.

இதை நரம்பு அளவில் காட்டியவர் எரிக் கண்டெல். அவர் ஆராய்ந்தது கடல் முயல் என்னும் கடல் நத்தையை. அதன் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். நத்தைக்குக் களைப்பு என்று நினைக்காதீர்கள். உணர்வு நரம்பு, தசையை இயக்கும் நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைந்துவிடுகிறது. இந்த ஆய்வுகள் கண்டெலுக்கு 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன.

அப்படியானால் நான்காவது மாட்டுச் செய்தி எனக்கு வெறுமனே உறைக்காமல் போயிருக்கவேண்டும். எரிச்சல் ஏன் வந்தது? நத்தை செய்திகளைத் திறந்து பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். ஒவ்வொரு மணியும் "இது புதிதாக இருக்கலாம்" என்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறேன், புதிதல்ல என்று தெரிகிறது. கொடுத்த கவனம் வீண். பள்ளி மணியும்தான் தினமும் ஒரே மாதிரி அடிக்கிறது. அது எரிச்சலூட்டுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் "இந்தப் பாடம் முடிந்தது" என்ற புதிய தகவலைத் தருகிறது. (ஓய்வு நேரம் முடியும்போது அடிக்கும் மணியை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.)

திரும்பச் சொல்வதே கெடுதல் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 1979-இல் ஜான் கச்சியோப்போ, ரிச்சர்ட் பெட்டி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரே வாதத்தை ஒரு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை கேட்கச் செய்தார்கள். மூன்று தடவை கேட்டவர்கள் ஒரு தடவை கேட்டவர்களைவிட அதிகமாக ஒத்துக்கொண்டார்கள். ஐந்து தடவை கேட்டவர்களிடம் அந்த ஒப்புதல் இறங்கிவிட்டது. முதல் சில தடவைகளில் நாம் வாதத்தைப் புரிந்துகொள்கிறோம். அதன்பின் மனம் வாதத்தை விட்டுவிட்டு அதில் குறை தேடத் தொடங்குகிறது.

இதில் உயிரோடு விளையாடும் ஒரு பக்கமும் உண்டு. 2022 ஜூலை 4 அன்று நம் பக்கத்து மாவட்டமான பாலிங்கில், கூப்பாங் பகுதியில் மலையிலிருந்து மரமும் சேறுமாக வெள்ளம் இறங்கி உயிர்களைப் பறித்தது. அப்படி ஒரு மாலையில் எச்சரிக்கை ஒன்று குழுவில் வருகிறது என்று வையுங்கள். ஒரே பூங்கொத்துக் காலை வணக்கம் ஐந்து குழுக்களில் வருவதைத் தாங்கமுடியாமல் அந்தக் குழுவின் மணியோசையை நீங்கள் முன்பே நிறுத்தியிருந்தால்? எரிச்சல் பட்டவர் சண்டை போடுவதில்லை. ஓசையை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். அனுப்புபவருக்கு அது தெரியவே தெரியாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த சண்டை

புலனம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தலைவலி உலகத்துக்கு வந்துவிட்டது. 1979-80 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய யூஸ்நெட் என்ற வலையமைப்பில் தலைப்புக்கொரு உரையாடல் குழு இருந்தது. தமிழுக்கும் மலேசியாவுக்கும்கூட தனித்தனிக் குழுக்கள் இருந்தன. அதை வடிவமைத்தவர்கள் புத்திசாலிகள். ஒரு செய்தியை ஐந்து குழுக்களுக்குப் போடவேண்டுமானால், முகவரி வரியில் ஐந்து பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். கணினியில் சேமிக்கப்படுவது ஒரே பிரதி. ஒரு குழுவில் அதைப் படித்துவிட்டால், மற்ற நான்கிலும் உங்களுக்குப் படித்ததாகவே காட்டும். நம் வென் படத்தின் உபரி 85-ம் அங்கே யார் கண்ணிலும் படாது.

ஐந்து குழுவுக்கும் தனித்தனியாக ஐந்து தடவை போட்டால்தான் தொல்லை. 1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர் அதைத்தான் செய்தார்கள். குடியேற்ற அனுமதி தொடர்பான தங்கள் விளம்பரம் ஒன்றை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனியாகப் போட்டார்கள். உலகமே கொதித்தது. வேண்டாத குப்பைச் செய்திக்கு "ஸ்பாம்" என்ற பெயர் பரவலாக நிலைத்ததில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

எரிச்சலை அளக்க ஒரு சூத்திரமும் வந்தது. சேத் பிரைட்பார்ட் பெயரால் அது பிரைட்பார்ட் எண் எனப்படுகிறது. ஒரு செய்தியைப் போடும் ஒவ்வொரு தடவையும், அந்தத் தடவை அது எத்தனை குழுக்களுக்குப் போனதோ அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். ஒரே தடவையில் ஒன்பது குழுக்களுக்குச் சேர்த்துப் போட்டால் 9-இன் வர்க்கமூலம், அதாவது 3. அதே ஒன்பது குழுக்களுக்கு ஒன்பது தடவை தனித்தனியே போட்டால் 1 + 1 + 1… என்று 9. நாற்பத்தைந்து நாளுக்குள் இந்த எண் 20-ஐத் தொட்டால் அது ஸ்பாம், நீக்கிவிடலாம் என்று வழக்கம் ஏற்பட்டது. செய்தி நல்லதா கெட்டதா என்று இந்தச் சூத்திரம் கேட்கவே இல்லை. போட்ட விதத்தை மட்டும் பார்க்கிறது. எனக்கு இது மிகவும் நியாயமாகப்படுகிறது.

புலனத்தில் ஏன் அந்த வசதி இல்லை? செய்திகள் அனுப்புபவரின் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டு, வாங்குபவரின் கைப்பேசியில்தான் திறக்கின்றன. நடுவில் உள்ள கணினிக்கு, நான்கு குழுக்களுக்குப் போகும் நான்கு பொட்டலத்துக்குள்ளும் இருப்பது அதே மாடுதான் என்று தெரியாது. நம் அந்தரங்கத்துக்குக் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று. திறந்தபின் நம் கைப்பேசியே "இதை ஏற்கெனவே பார்த்துவிட்டாய்" என்று கண்டுபிடிக்கலாம்தான்; செயலி அப்படி அமைக்கப்படவில்லை. பல குழுக்களை ஒரு குடைக்குள் சேர்த்து, பொது அறிவிப்பை ஒரே இடத்தில் சொல்லும் வசதியை 2022-இல் கொண்டுவந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பெரட்டுக் களத்துக்கே வந்துவிட்டோம்!

எரிச்சல் வராவிட்டால்?

இதுவரை எரிச்சலைக் குறையாகவே பேசினேன். ஒரே செய்தி பல குழுக்களிலிருந்து வந்தும் எரிச்சல் வராமல் போவது அதைவிட மோசம்.

1977-இல் லின் ஹாஷரும் இரு ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை, பொதுஅறிவு போன்ற வாக்கியங்களைக் காட்டி, "இது எந்த அளவுக்கு உண்மையாக இருக்கும்?" என்று கேட்டார்கள். சில வாக்கியங்கள் மட்டும் மூன்று தடவையும் திரும்ப வந்தன. அவை உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும், திரும்பத் திரும்பப் பார்த்தபோது மாணவர்கள் அவற்றை மேலும் மேலும் நம்பினார்கள். மூளைக்குப் பழகியது எளிதாக ஓடுகிறது, எளிதாக ஓடுவதை அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. இதோடு குழுக்களும் சேர்ந்தால் இன்னொரு மயக்கம்: பள்ளிக் குழுவிலும் வந்தது, கோயில் குழுவிலும் வந்தது, ஆகவே இரண்டு சாட்சி என்று தோன்றும். இருந்தது ஒரே பிரதி, ஒரே ஆள்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நம்மையும் தொட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018-இல் தமிழ்நாட்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி புலனத்தில் குழு குழுவாகப் பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அவர்களில் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நாமும் ஊருக்குப் போனால் செய்வதுதானே? வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களைச் சூழ்ந்து தாக்கியது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இறந்தார்.

அந்த ஆண்டு இந்தியாவில் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நடந்தபின், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியைக் கடத்தமுடியாதபடி புலனம் அங்கே கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறி பெற்ற செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே பிறகு தெரிவித்தது. தடை செய்யவில்லை, அனுப்பும் விரலுக்குக் கொஞ்சம் வேலை வைத்தார்கள். அதற்கே இவ்வளவு!

சரி, மாடு என்ன ஆயிற்று?

கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள், மாட்டுக்காரரின் மகன் அந்தக் காட்டிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநரை நேராகக் கூப்பிட்டார். அவரோ, "பார்த்தேனே தம்பி, ஓடைப் பக்கம் நிக்குது. குழுவில எத்தனை பேர் இருக்காங்க, யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் இரண்டு குழுக்களில் இருந்தவர், செய்தியை இரண்டு தடவையும் படித்தவர்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். நியூயார்க்கில் ஜான் டார்லி, பிப் லாட்டனே இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் வலிப்பு வந்து துடிக்கும் ஓசையை மாணவர்கள் காதொலிப்பான் வழியே கேட்டார்கள். தாம் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் அது முடியுமுன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். 2002-இல் இஸ்ரேலில் பாரோன், யெகியாம் இருவரும் இதையே மின்னஞ்சலில் செய்து பார்த்தார்கள். ஒரு சாதாரணக் கேள்வியை ஐவருக்குச் சேர்த்து அனுப்பியதைவிட, ஒருவருக்கு மட்டும் அனுப்பியபோது பதிலும் அதிகம் வந்தது, பதிலில் பயனும் அதிகம் இருந்தது. குழு பெருகப் பெருக, பொறுப்பு ஆளுக்குக் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது.

மாடு தொழுவம் திரும்பி இரண்டு வாரம் கழித்து, அதே படம் சுங்கைப் பட்டாணிக் குழு ஒன்றிலிருந்து எனக்கு வந்தது, "உடனே பகிரவும்" என்ற வரியோடு. செய்தியில் தேதி இல்லை. எந்த ஊர் மாடு என்றும் இல்லை.

இந்த வாரம் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். அப்பா அம்மாவின் அனுமதியோடு, அவர்கள் இருக்கும் மூன்று குழுக்களை எடுங்கள். பெயர்களைத் தாளில் எழுதாமல் எண்களை மட்டும் குறித்து, மூன்று வட்டங்களை வரையுங்கள். நடுவில் மூன்றும் சேரும் இடத்தில் எத்தனை பேர்? கடைசிக் குழுவில் போடும் செய்தி எத்தனை புதியவர்களைத் தொடும், எத்தனை பேரை இரண்டாம், மூன்றாம் தடவை எழுப்பும்? பிறகு குழுக்களின் வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மொத்தம் மாறாது. ஆனால் எந்த வரிசையில் தொடங்கினால் முதல் இரண்டு குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம்?

என் எண்களில் விடை பள்ளியும் கோயிலும்: 160 பேர். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்.